லிச்சி மரத்து விருந்தாளிக்குப் பெயரிட்ட வரலாறு

உலகில் இதுவரை கூடிக் கலைந்த குழுக்கள் எண்ணற்றவை. ஆயினும், ஒரு விலங்கின் பெயரை நிர்ணயிப்பதற்கென்றே கூடி, அந்தப் பெயரை ஒருவர்கூட உச்சரிக்காமல், முழு வெற்றியுடன் கலைந்த குழு எங்களுடையது ஒன்றே. இதைத் தற்பெருமையாகக் கொள்ள வேண்டாம். மடகாஸ்கரின் மொழி வரலாற்றில் இத்தகைய சாதனை நிகழ்ந்தபோது உடனிருந்தவன் என்ற முறையில், அதை உள்ளபடி பதிவு செய்யும் கடமை எனக்கு இருக்கிறது.

'பூர்வீகப் பாலூட்டிகளின் மரபுப் பெயர் ஒழுங்காக்கத் தேசியக் குழு' என்பது அதன் திருநாமம். அது தோன்றிய காரணம் எளிது. எங்கள் மக்கள் ஒழுங்கு தெரியாமல் பெயர் வைத்திருந்தார்கள். ஒரே விலங்குக்கு மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் வேறொரு பெயர். மூன்று வகை விலங்குகளுக்குச் சேர்த்து ஒரே பெயர். விலங்குகள் தத்தம் பெயரை அறியாமலேயே காட்டில் சுற்றிக்கொண்டிருந்தன. இந்த அராஜகத்தை எந்த அரசு பொறுத்துக்கொள்ளும்?

குழுவின் தலைவர், வன நல இயக்ககத்தின் இயக்குநர் திரு. ரசுலுஃபுமனன்ட்சுவா. அவர் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு தீர்மானம் நிறைவேறிவிடும் என்பதால், தலைநகரிலேயே அனைவரும் அவரை 'இயக்குநர்' என்றுதான் அழைத்தார்கள். நானும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். மரங்களின்மீது அவருக்கிருந்த பற்று அபாரமானது. எந்த மரத்தைக் கண்டாலும் நடு விரலை மடக்கி அடிமரத்தைத் தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். "உள்ளே நல்லா இருக்கு" என்று மனம் கனிந்து சொல்வார். மரத்தின் உள்நலம் பற்றி இத்தனை அக்கறை கொண்ட அதிகாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

உறுப்பினர்களில் முக்கியமானவர் விலங்கியலாளர் டாக்டர் நிவுசுவா. மேற்படி விலங்குகளை நேரில் பார்த்திருந்தவர் குழுவில் அவர் ஒருவரே. அதனால் அவரது கருத்தில் சார்பு இருக்கக்கூடும் என்று கருதி, மேசையின் கடைசியில் அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. நான் கோட்பாட்டு ஆலோசகன். நவீன இலக்கியத் திறனாய்வு பயின்ற ஒருவன் விலங்குகளுக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பெயர் என்பதும் ஒரு பிரதிதானே?

தலைநகரில் நடந்த முதல் கட்ட அமர்வுகளில் பல சிக்கல்கள் தீர்க்கப்பட்டன. விடியலில் காடே அதிரப் பாடும், குரங்கின் உறவான பெரிய லெமூரைக் கிழக்குக் கரை மக்கள் 'பாபாகூதூ' என்பார்கள். 'கூதூவின் அப்பா' என்று பொருள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தக் கூதூ யாரு? இப்ப எங்க இருக்காரு?"

"அது பழங்கதைங்க," என்றார் டாக்டர் நிவுசுவா. "அப்பாவும் மகனும் தேன் எடுக்கப் போனாங்களாம்..."

"கதையெல்லாம் சரிம்மா. நாளைக்கு அந்தக் கூதூ வந்து, எங்க அப்பா பேரை யாரைக் கேட்டு வச்சீங்கன்னு கேட்டா யாரு பதில் சொல்றது?"

கூதூவின் ஆட்சேபணை ஏதும் வரப்பெறாதவரை அப்பெயர் தொடரலாம் என்று முடிவாயிற்று. அடுத்து, 'ஃபுட்சிஃபே' என்ற சிறு லெமூர். 'வெண்தொடை' என்று பொருள். ஓர் அரசு ஆவணத்தில் தொடை இடம்பெறலாமா என்ற கேள்வி உணவு இடைவேளை வரை நீடித்தது. 'வெண்மை சார்ந்த கீழ்ப்பகுதி' என்று திருத்தி நிறைவேற்றினோம். அதற்குப் பின் பூனை போன்ற ஃபூசாவும் முள்ளெலி போன்ற தன்ட்ரகாவும் தாவும் லெமூரான சிம்புனாவும் மளமளவென்று ஒழுங்குக்கு வந்தன.

இத்தருணத்தில்தான் எனது எளிய பங்களிப்பு நிகழ்ந்தது. பெயர் என்பது வெறும் ஒலி. பெயருக்கு உரியது எதிரில் இல்லாதபோது அது இன்மையையே சுட்டுகிறது. எனவே, மரபறிந்த ஒருவர் விலங்கின் முன்னிலையில் பெயரை உச்சரித்தால் மட்டுமே அது செல்லும் என்று வாதிட்டேன். 'உடனிருப்பு விதி' என அது நிறைவேறியது. இயக்குநர் மகிழ்ந்தார். அந்த விதியின்படி குழு காட்டுப் பக்கம் பயணம் செய்தாக வேண்டும். அவருக்கோ அந்தப் பக்கத்து மரங்களைத் தட்டிப் பார்க்க நெடுநாள் ஆவல்.

இவ்வாறு நாங்கள் கிழக்குக் கரையில், அம்புதிலெதீசி என்ற ஊரை அடைந்தோம். லிச்சி பருவம். ஊர் மன்றத்தில் கூட்டம் நடத்துவதாகத் திட்டம். ஆனால் மன்றம் முழுவதும் கிராம்பு மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். ஆகவே அமர்வு, மருவாவி என்ற பெண்மணியின் சோற்றுக்கடை முற்றத்துக்கு மாற்றப்பட்டது. முற்றத்தில் பெரிய லிச்சி மரம். மரத்தடியில் நீண்ட மேசை. பின்னாலேயே அவருடைய வீடு. இரண்டு புயல்கள் கூரையைக் கொண்டுபோன பிறகும் தானே ஏணி வைத்து ஏறித் திரும்ப வேய்ந்த வீடு.

மரத்தின் கவட்டையில், இலைகளாலும் சுள்ளிகளாலும் பின்னிய பந்து போன்ற ஒரு கூடு இருந்தது. அதிலிருந்து, கரிய குச்சிபோல் நீண்ட, மிக மெல்லிய நடு விரல் ஒன்று மேசைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த விரலுக்கு உரியவரை எங்கள் நாட்டில் அறியாதார் இல்லை. பூனை அளவு உடல், வௌவால் காது, அணில் பல். பகலில் தூங்கி இருளில் உலவும் லெமூர். அந்த விரலால் மரத்தைத் தட்டி, உள்ளே எங்கே பொந்து என்று கேட்டறிந்து, துளைபோட்டு, உள்ளிருக்கும் புழுவை நோண்டித் தின்னும். இளநீரையும் அவ்வாறே. ஆனால் இந்த ஊரில் அதன் பெயரைச் சொல்வது ஃபாடி, அதாவது விலக்கு. அது ஒரு வீட்டருகே தங்கியிருக்கையில் யாரேனும் அங்கே நின்று அதன் பெயரைச் சொல்லிவிட்டால், அந்த வீட்டார் காலி செய்துகொண்டு போய்விட வேண்டும். சொன்னவர் ஊருக்கு ஒரு மாடு கொடுத்துத் தீட்டுக் கழிக்க வேண்டும். பெயர் சொல்லப்படாதவரை பாதகமில்லை. மரத்தில் ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பெயரைத்தான் எங்கள் நிகழ்ச்சி நிரல், மருவாவியின் வீட்டு வாசலில் வைத்து உச்சரிக்கச் சொல்லியது.

இயக்குநர் மரபுப்படி தொடங்கினார். எங்கள் நாட்டில் மன்னிப்புக் கேட்காமல் எவரும் சபையில் பேசுவதில்லை. தன்னைவிட மூத்தவர்களிடமும், இளையவர்களிடமும், வானத்திடமும், மண்ணிடமும், வராதவர்களிடமும் அவர் மன்னிப்புக் கேட்டு முடித்தபோது தேநீர் வந்தது. தேநீருக்குப் பின் நேரடியாக விஷயத்துக்கு வந்தார்.

"அம்மா, மேல இருக்கறது பேர் என்ன?"

"எதுங்க?" என்றார் மருவாவி.

"அதான், மரத்துல."

"மரத்துல லிச்சி இருக்குங்க. இந்த வருசம் நல்ல காய்ப்பு."

"லிச்சி இல்லம்மா. அந்த விரல்."

மருவாவி அண்ணாந்து பார்த்தார். அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல் நெடுநேரம் பார்த்தார். "அதுங்களா? விருந்தாளிங்க."

'விருந்தாளி' என்று எழுதிக்கொண்டேன்.

"வேற எப்படிச் சொல்லுவீங்க?"

"அவருன்னு சொல்லுவோம். அந்தா அவருன்னும் சொல்லுவோம். யாராச்சும் வற்புறுத்திக் கேட்டா, பூனைன்னு வச்சுக்கங்கன்னு சொல்லுவோம்."

ஒரே விலங்குக்கு ஒரே மூச்சில் நான்கு மரபுப் பெயர்கள்! சுட்டுப் பெயரிலிருந்து தற்காலிக ஒப்புதல்வரை நீளும் இந்தச் சொல்வளத்தை வேறெந்த மொழியில் காண முடியும்? நான்கையும் வரிசை எண் இட்டு எழுதிக்கொண்டேன்.

"இதெல்லாம் பேரே இல்லைங்க," என்றார் மேசைக் கடைசியிலிருந்து டாக்டர் நிவுசுவா. "அதைவிட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு. இது நடுக்காட்டுல இருக்கறது. ஊருக்குள்ள எதுக்கு வந்துச்சு?"

"அது நிகழ்ச்சி நிரல்ல இல்லை," என்றார் இயக்குநர்.

அவ்வேளையில் மரத்தடிகள் ஏற்றிய லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு காட்டுப் பாதையிலிருந்து வந்தது. ஓட்டுநர் இயக்குநருக்கு வணக்கம் வைத்தார். இயக்குநர் பெருந்தன்மையோடு கையசைத்தார். புழுதி அடங்கும்வரை அமர்வு ஒத்திவைக்கப்பட்டது.

புழுதிக்குள்ளிருந்து ஒருவர் வெளிப்பட்டார். எதிர்ச்சாரியில் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஜாவுதும்பு. குழுவினர் அனைவரும் மருவாவி கடையில் சாப்பிடுவதைக் காலை முதல் தன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்.

"பெரியவங்க எல்லாம் வந்திருக்கீங்க. ஒரு சந்தேகம் கேக்கலாங்களா?" என்றார் மிகுந்த பணிவோடு. "அது என்னாதுங்க மரத்துல?"

"உனக்குத் தெரியாதா ஜாவுதும்பு?" என்றார் மருவாவி. "தெரிஞ்சா நீயே சொல்லேன். உன் மாட்டுத் தொழுவத்துல கொம்பு பெருசா ஒண்ணு நிக்குதே. ஊரு சாப்பிட்டு நாளாச்சு."

ஜாவுதும்புவின் முகம் சுருங்கியது. ஆனாலும் பின்வாங்கவில்லை. "நான் படிக்காதவன் அக்கா. ஐயா பெரிய படிப்பு படிச்சவரு. வெளிநாடெல்லாம் போனவரு. ஐயாவுக்கா தெரியாது? என்ன ஐயா, தெரியாதுங்களா?"

இயக்குநருக்குத் தெரியாது என்று எவரும் இதுவரை சொன்னதில்லை. அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "எனக்குத் தெரியாமலா? நான் விஞ்ஞானம் படிச்சவன். இந்த மூட நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது. இதோட பேரு..."

மருவாவியின் கையில் இருந்த கரண்டி நின்றது.

"ஐயா," என்றார் மெதுவாக. "மன்னிப்புக் கேக்கலீங்களே."

"காலைலதான் கேட்டேனே?"

"அது பேசறதுக்குக் கேட்டதுங்க. பேரு சொல்றதுக்குத் தனியாக் கேக்கணுமில்ல? தலைநகரத்துல அந்தப் பழக்கம் விட்டுப்போச்சா?"

தலைநகரத்தில் மரபு விட்டுப்போயிற்று என்ற பழியை ஓர் இயக்குநர் சுமக்க முடியுமா? திரும்பவும் வானத்திலிருந்து தொடங்கினார். மண்ணுக்கு வந்தபோது மருவாவி தேங்காய்ப்பாலில் வேகவைத்த நண்டைக் கொண்டுவந்து வைத்தார். நண்டு முடிந்ததும் சோறு வந்தது. மரவள்ளிக் கீரை வந்தது. அடிச்சட்டி தீய்ந்த சோற்றில் காய்ச்சிய சுடுநீர் வந்தது. ஒவ்வொரு முறை இயக்குநர் வாய் திறக்கும்போதும் அதில் போடுவதற்கு ஏதோ ஒன்று அடுப்பிலிருந்து வந்துகொண்டேயிருந்தது. வாய் என்ற உறுப்பின் இருவேறு பணிகளுக்கிடையிலான முரணை இவ்வளவு தெளிவாக நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

"மருவாவி அக்கா இன்னிக்கு ரொம்ப தாராளம்," என்றார் ஜாவுதும்பு, வாசலில் குந்தியபடி.

"நீயும் வந்து உக்காரு. உன் கடையிலதான் நீயே சாப்பிட மாட்டியே."

அடுக்களையில் உதவப் போன டாக்டர் நிவுசுவாவிடம், மருவாவி தாழ்ந்த குரலில் பேசியது எனக்குக் கேட்டது.

"அடுப்புல இனி ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. சாயங்காலம் அவரு முழிச்சு எறங்கி எரை தேடப் போயிருவாரு. அதுக்குள்ள இந்த ஆளு வாயத் தொறந்தா என் வீடு போச்சு. கூரையப் புயல் கொண்டுபோச்சு, திரும்பப் போட்டேன். பேரு கொண்டுபோனா திரும்பப் போட முடியாது."

"இதுக்கு எப்பவுமே இந்தப் பேருதானா அக்கா?"

"இல்ல. எங்க பாட்டன் காலத்துல வேற பேராம். அதச் சொல்லக் கூடாதுன்னு இந்தப் பேரு வச்சாங்க. கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் இதுவும் அவரோட ஒட்டிக்கிச்சு. இதையும் சொல்லக் கூடாதுன்னு ஆயிருச்சு."

சொல்லி முடித்த மருவாவி, கையிலிருந்த தட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டு யோசனையில் ஆழ்ந்தார்.

பொழுது சாய்ந்தது. தட்டுகள் காலி. இயக்குநர் ஏப்பம் விட்டு, வானம், மண், முன்னோர் அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டு முடித்து, கை துடைத்துக்கொண்டு எழுந்தார். மன்னிப்புக் கேட்க உலகில் எவரும் மிச்சமில்லை. ஜாவுதும்பு வாசலிலிருந்து முற்றத்துக்கு நகர்ந்து வந்தார்.

"இதன் பெயர்," என்றார் இயக்குநர், கூட்டை நோக்கிக் கை உயர்த்தி.

கூடு அசைந்தது. இரண்டு பெரிய காதுகளும் ஆரஞ்சு நிறக் கண்களும் வெளிவந்தன. தூக்கம் கலைந்த அந்த ஜீவன், சோம்பல் முறிப்பதுபோல் கையை நீட்டியது. நீண்ட கரிய விரல் நிதானமாக நிமிர்ந்து, நேராக இயக்குநரின் நெற்றியைச் சுட்டி நின்றது.

அந்த விரல் யாரைச் சுட்டுகிறதோ அவருக்கு ஆயுள் முடிந்தது என்பது கடற்கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். விஞ்ஞானம் படித்த இயக்குநருக்கும் அது தெரிந்திருந்தது. அடுத்த கணம் அவர் மேசைக்கு அடியில் இருந்தார். குழுவின் தலைமை தற்காலிகமாகத் தாழ்வான இடத்திலிருந்து தொடர்ந்தது.

"சொல்லுங்க ஐயா, அது என்னாது?" என்று கத்தினார் ஜாவுதும்பு. "சீக்கிரம் சொல்லுங்க!"

"ஐயா," என்று மேசைக்கு அடியில் குனிந்தார் மருவாவி. "பேரு வைக்கிற அதிகாரம் உங்களுக்கு இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு! அது இன்னும் நீட்டிக்கிட்டு இருக்கா?"

"நீட்டிக்கிட்டுதான் இருக்காரு. பழைய பேரச் சொன்னாத்தானே ஆகாது? புதுசா ஒண்ணு வைங்க. பெரிய மனுசங்க பேர வச்சா மரியாதையா ஒதுங்கிப் போயிருவாரு. உங்க பேரையே குடுங்க."

"என் பேர் ரொம்ப நீளம்!"

"அப்ப பதவியக் குடுங்க."

"எடுத்துக்கங்க! எதை வேணா எடுத்துக்கங்க!"

தீர்மானம் மேசைக்கு அடியிலேயே முன்மொழியப்பட்டு, மேசைக்கு மேலே வழிமொழியப்பட்டது. விலங்கின் முன்னிலையில், மருவாவி எழுந்து நின்று, தெளிந்த குரலில் உச்சரித்தார்: "இயக்குநர்."

உடனிருப்பு விதி முழுமையாக நிறைவேறியது. அந்த ஜீவன் கையை மடக்கிக்கொண்டு, ஒரு லிச்சிப் பழத்தைப் பறித்துக்கொண்டு, மேல் கிளைக்குச் சென்றது. இனி எவரேனும் பழைய பெயரை அந்த முற்றத்தில் சொன்னாலும் கவலையில்லை. அந்தப் பெயருடைய விலங்கு அங்கே இல்லை என்று அரசே சான்றளித்துவிட்டது. ஜாவுதும்பு தெருவில் நின்று, "மருவாவி மரத்துல இயக்குநர் இருக்காரு!" என்று கூவிப் பார்த்தார். அதைக் கேட்ட பக்கத்து ஊர்க்காரர்கள், இயக்குநரே தங்கிச் சாப்பிடும் கடையாயிற்றே என்று மருவாவி கடைக்கு வரத் தொடங்கினார்கள். ஜாவுதும்பு கூவுவதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த லிச்சி பருவத்தில் இரண்டாம் கட்டப் பணி வந்தது. ஏனைய பெயர்களையும் அந்தந்த விலங்கின் முன்னிலையில் உச்சரித்து உறுதிசெய்ய வேண்டும். இயக்குநர் வரவில்லை, அந்த விரல் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. நானும் டாக்டர் நிவுசுவாவும் காட்டுக்குச் சென்றோம். காட்டின் வாசலில் புதிய பலகை ஒன்று, கொட்டை எழுத்துகளில்: 'இயக்குநர் உத்தரவுப்படி.' பலகைக்கு அப்பால் அடிக்கட்டைகள். கண் எட்டும் தூரம் வரை அடிக்கட்டைகள். நடுவே லாரித் தடம். எல்லாமே உள்ளே நன்றாக இருந்த மரங்கள் போலும், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

விதி விதிதான். டாக்டர் நிவுசுவா ஓர் அடிக்கட்டைமீது ஏறி நின்று, கையைக் குவித்து உரக்கக் கூப்பிட்டார். "பாபாகூதூ!" பதிலில்லை. "சிம்புனா!" இல்லை. "ஃபூசா! தன்ட்ரகா!" 'வெண்மை சார்ந்த கீழ்ப்பகுதி' என்று நான் திருத்திய வடிவில் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

மாலையில் மருவாவி கடைக்குத் திரும்பினோம். லிச்சி மரத்தில் கூடு அப்படியே இருந்தது.

"இயக்குநர் சௌக்கியமா?" என்று விசாரித்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் கை நிறுத்தினார்கள். மருவாவி பதறிப்போய் என் வாயைப் பொத்த வந்தார்.

"ஐயோ தம்பி! அந்தப் பேர இங்க சொல்லாதீங்க. இப்ப அதுவும் ஒட்டிக்கிச்சு. அதுவும் சொல்லக் கூடாதுன்னு ஆயிருச்சு. நீங்க வெளியூரு, அதனால விட்டேன். விருந்தாளி நல்லாருக்காருன்னு சொல்லிட்டுப் போங்க."

"காட்டுல ஒண்ணுமே இல்லையே அக்கா," என்றார் டாக்டர் நிவுசுவா. "ஒண்ணுகூட இல்ல."

"எப்படிம்மா இருக்கும்?" மருவாவி சுடுநீர்க் குவளையை அவர் முன் வைத்தார். "அந்தப் பேரச் சொன்னாலே வீட்டைக் காலி பண்ணணும். அங்க காட்டு வாசல்லயே அவ்வளவு பெருசா எழுதி வச்சிருக்காங்க. காலி பண்ணிட்டுப் போயிருச்சுங்க."

மரபின் மெய்ம்மை இதைவிடத் துல்லியமாக நிரூபிக்கப்பட முடியாது. தலைநகர் திரும்பியதும் குழுவின் நிறைவறிக்கையை எழுதி இயக்குநரிடம் ஒப்படைத்தேன். அவர் தம் புதிய மேசையை விரலால் தட்டிப் பார்த்து, திருப்தியோடு கையெழுத்திட்டார். அறிக்கையின் கடைசி வரி என்னுடையது: 'பூர்வீகப் பாலூட்டிகளின் மரபுப் பெயர்கள் அனைத்தும் இயக்ககத்தில் பத்திரமாக உள்ளன, உரியவர்கள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.'